அந்த நாலு பேர் யார்?

‘நாலு பேர் என்ன சொல்வாங்க?’ இந்தக் கேள்வியில் எண் இருக்கிறது, பெயர் இல்லை. என்ன உடுத்துவது, என்ன படிப்பது, வேலையை விடுவதா வேண்டாமா, யாரோடு வாழ்வது என்று எதை யோசித்தாலும் அந்த நாலு பேர் குறுக்கே வந்து நிற்கிறார்கள். யார் அவர்கள் என்று திருப்பிக் கேட்டால் ‘ஊர் உலகம்தான்’ என்கிறோம். ஊர் உலகம் நம் வீட்டுக் கதவைத் தட்டியதே இல்லை. தட்டுவதெல்லாம் தெரிந்த முகங்கள், அதுவும் விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய முகங்கள். சமூகம் என்று நாம் சொல்வது நமக்குள் இறங்குவது இந்தச் சிலரின் வழியாகத்தான். ஆகவே அவர்களைப் பெயர் சொல்லி எழுதிப் பார்க்க முடியும். எப்படி என்பது பின்னால் விவரமாக வருகிறது. அதற்கு முன் அந்த ‘நாலு’ என்ற எண்ணைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தினார். ஓர் அறையில் ஏழு முதல் ஒன்பது கல்லூரி மாணவர்கள். முன்னால் இரண்டு அட்டைகள். ஒன்றில் ஒரே கோடு, மற்றதில் மூன்று கோடுகள். அந்த ஒற்றைக் கோட்டின் நீளம் மூன்றில் எதற்குச் சமம் என்று வரிசையாக ஒவ்வொருவரும் உரக்கச் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். தனியாகக் கேட்டபோது நூற்றுக்கு ஒரு பிழைகூட வரவில்லை. ஆனால் அறையில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷ் ஏற்பாடு செய்த ஆட்கள். 18 சுற்றுகளில் 12இல் அவர்கள் அனைவரும் ஒரே தவறான விடையைச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. விவரம் தெரியாத அந்த ஒருவருக்கு வரிசையின் கடைசிப் பக்கத்தில் இடம்.

முதல் இரண்டு சுற்று சுமுகமாகப் போகும். மூன்றாவதில் முதல் ஆள் பிசகான கோட்டைச் சொல்வார். நம் ஆள் நிமிர்ந்து பார்ப்பார். இரண்டாமவரும் அதையே சொல்வார், மூன்றாமவரும் அதையே. அட்டையைக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதும், சங்கடமாகச் சிரிப்பதும், குரல் தாழ்வதும் அங்கேதான் தொடங்கும். இப்படி உட்கார்ந்த 123 பேர் அந்த 12 சுற்றுகளில் சொன்ன விடைகளில் 36.8 சதவீதம் கூட்டத்தின் தவறான விடையோடு ஒத்துப்போனது. கால்வாசிப் பேர் ஒரு தடவைகூட அசையவில்லை. ‘மனிதன் ஆட்டுமந்தை’ என்பதற்குச் சான்றாக இந்தச் சோதனையை எடுத்துக்காட்டுகிறவர்கள் மீதி 63 சதவீத விடைகளை விட்டுவிடுகிறார்கள். அது நியாயமில்லை. நேராகப் பார்த்ததை நேராகச் சொன்ன விடைகள்தான் அங்கே அதிகம்.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது ஆஷ் அடுத்துச் செய்தது. எதிர்த்துச் சொல்கிறவர்களின் எண்ணிக்கையை ஒன்றிலிருந்து 15 வரை மாற்றிப் பார்த்தார். எதிரே ஒருவர் மட்டும் என்றால் கிட்டத்தட்ட யாருமே அசையவில்லை. இரண்டு பேர் ஆனதும் பிழை 13.6 சதவீதம். மூன்று பேர் ஆனதும் 31.8. அதற்குமேல் ஆட்களைக் கூட்டிக்கொண்டே போனாலும் பெரிய வித்தியாசம் இல்லை. மூன்று நான்கு பேர் ஒரே குரலில் பேசினாலே போதும், நம் மனதுக்கு அது ஊர் உலகமாகிவிடுகிறது. நம் பேச்சுவழக்கு இந்த எண்ணை எங்கிருந்து எடுத்ததோ தெரியாது, கணக்கு சரியாக இருக்கிறது.

ஆனால் ஒரு கோட்டைத் தவறாகச் சொல்வது அடையாளம் ஆகிவிடாது. அறையை விட்டு வெளியே வந்ததும் மறந்துவிடலாம். கூட்டம் போன பிறகும் கூட்டத்தின் அளவுகோல் உள்ளே தங்குவதுதான் விஷயம். இதை முசாஃபர் ஷெரிஃப் 1935இல் காட்டியிருந்தார். முழு இருட்டறையில் அசையாத ஒரு சின்ன வெளிச்சப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது நகர்வதுபோலத் தோன்றும். கண் செய்யும் வேலை அது. எவ்வளவு நகர்ந்தது என்று சேர்ந்து உட்கார்ந்து சொல்லும்போது ஆளுக்கொரு அளவு சொன்னவர்கள் சிறிது சிறிதாக ஒரே அளவை நோக்கி வந்துவிடுகிறார்கள். பிறகு அவர்களைத் தனியே உட்கார வைத்துக் கேட்டாலும் கூட்டத்தில் உருவான அளவையே சொல்கிறார்கள். யாரும் வற்புறுத்தவில்லை. அதைத் தன் சொந்தக் கணிப்பு என்றுதான் நினைக்கிறார்கள்.

1961இல் ஜேக்கப்ஸ், கேம்பெல் என்ற இருவர் இதை இன்னும் ஒரு படி நீட்டினார்கள். ஏற்பாட்டு ஆட்களை வைத்து வேண்டுமென்றே மிகையான ஓர் அளவைக் கூட்டத்தில் நிலைநாட்டினார்கள். பிறகு பழைய ஆளை ஒவ்வொருவராக எடுத்துவிட்டுப் புது ஆளைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். அந்தப் பொய் அளவைத் தொடங்கிவைத்தவர்கள் எல்லோரும் வெளியேறிய பிறகும், நாலைந்து ‘தலைமுறை’ வரை அதன் தடம் இருந்தது. பிறகு மெல்லத் தேய்ந்து மறைந்தது. ‘நம்ம குடும்பத்தில் யாரும் இப்படிச் செய்ததில்லை’ என்ற வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த இருட்டறை நினைவுக்கு வரும். அந்த விதியைப் போட்டவர் யார் என்று வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் இருந்த சூழ்நிலையும் இப்போது இல்லை. விதி மட்டும் கைமாறி வந்துகொண்டிருக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. அளவுகோல் இல்லாமல், எதிர்பார்ப்பு வழியாக உள்ளே இறங்குவது. வேலையில் இருக்கும் ஒருவருக்குத் தொலைபேசி வருகிறது. திரையில் பெயரைப் பார்த்ததும், எடுப்பதற்கு முன்பே, தோள் இறங்குகிறது. ‘சொல்லும்மா’ என்னும்போது குரல் அரைப்படி தாழ்கிறது. பத்து நிமிடத்துக்கு முன் ஒரு முடிவைத் திட்டவட்டமாகச் சொன்னவர் இப்போது ‘பாக்கலாம்மா, சரிம்மா’ என்கிறார். வைத்த மறுநொடி பக்கத்து இருக்கைக்காரரிடம் பேசும்போது பழைய குரல் திரும்பிவிடுகிறது. இதில் எதுவும் நடிப்பில்லை. அம்மாவின் முன் அவர் இன்னும் கடைசிப் பிள்ளை, சக ஊழியர்கள் முன் பொறுப்பாளர். இரண்டுமே அவர்தான். ஒவ்வொன்றும் எதிரே இருப்பவரோடு சேர்ந்து உருவாவது.

மார்க் ஸ்னைடரும் அவருடன் இரண்டு ஆய்வாளர்களும் 1977இல் இதைத் தொலைபேசியிலேயே சோதித்தார்கள். முன்பின் தெரியாத ஓர் ஆணும் பெண்ணும் தொலைபேசியில் பேச வேண்டும். பேசும் முன் ஆணின் கையில் ஒரு புகைப்படம். எதிரில் பேசப்போகிறவருடைய படம் என்று சொல்லித் தருகிறார்கள். உண்மையில் அது வேறொருவர் படம். சிலருக்கு அழகான முகம், சிலருக்கு அப்படியில்லாத முகம். பேசிய பெண்ணுக்குப் படத்தைப் பற்றி எதுவும் தெரியாது. பிறகு பெண் பேசிய பகுதியை மட்டும் தனியே பிரித்து, விவரம் தெரியாத வேறு சிலரிடம் போட்டுக்காட்டினார்கள். அழகானவர் என்று நம்பப்பட்ட பெண்கள் கூடுதல் கலகலப்பாக, நட்பாகப் பேசுவதாக அவர்கள் மதிப்பிட்டார்கள். ஆண் எதை எதிர்பார்த்துப் பேசினாரோ அதைப் பெண்ணின் குரல் திருப்பிக் கொடுத்திருக்கிறது, அவருக்கே தெரியாமல். ஒரு சில நிமிட உரையாடலில் இது நடக்கிறதென்றால், ‘இவனுக்குப் பொறுப்பு வராது’ என்றோ ‘இவள் சமாளித்துக்கொள்வாள்’ என்றோ பார்க்கும் கண்களுக்கு நடுவே இருபது வருடம் வாழ்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ‘சமாளித்துக்கொள்வாள்’ என்று பெயர் வாங்கியவர் உதவி கேட்கும் பழக்கத்தையே இழந்துவிடுகிறார். அது அவருடைய இயல்பு என்று அவரும் நம்பிவிடுகிறார்.

சரி, முகங்கள் மாறினால் ஆள் மாறுவாரா? இதற்கு என் பார்வையில் சிறந்த சான்று அமெரிக்காவின் பென்னிங்டன் கல்லூரி ஆய்வு. 1930களில் தியடோர் நியூகோம் என்ற சமூக உளவியலாளர் அங்கே ஆசிரியராக இருந்தபோது செய்தது. பெண்களுக்கான சிறிய கல்லூரி. மாணவிகள் பெரும்பாலும் வசதியான, பழமைச் சார்புள்ள குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். ஆசிரியர்களும் மூத்த மாணவிகளும் முற்போக்குச் சார்புள்ளவர்கள். 1936ஆம் ஆண்டு அதிபர் தேர்தலின்போது முதலாமாண்டு மாணவிகளில் 62 சதவீதம் பேர் பழமைவாத வேட்பாளர் பக்கம் நின்றார்கள். இரண்டாம் ஆண்டில் 43. மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவிகளில் 15 மட்டுமே.

எல்லோரும் மாறவில்லை என்பதையும் நியூகோம் கவனித்தார். ஒரே வகுப்பறை, ஒரே விடுதி, ஒரே ஆசிரியர்கள். மாறாதவர்களில் பலருக்கு மனதில் சாட்சிக்கூண்டில் நின்றது குடும்பம்தான். கல்லூரித் தோழிகள் அவர்களுக்கு அந்த நாலு பேராக ஆகவே இல்லை. கூட இருக்கிறவர்கள் எல்லோரும் நம்மை வார்ப்பதில்லை, நாம் யாருடைய கண்ணால் நம்மைப் பார்த்துக்கொள்கிறோமோ அவர்கள்தான் வார்க்கிறார்கள். சுமார் 25 வருடம் கழித்து அதே பெண்களைத் தேடிப் பிடித்தபோது பெரும்பாலோரின் சார்பு கல்லூரியில் உருவானபடியே இருந்தது. அதற்கு நியூகோம் கண்ட காரணம், அந்தச் சார்புக்கு இணக்கமான துணையையும் நண்பர்களையும் பிற்பாடு அவர்கள் அமைத்துக்கொண்டது. மாற்றம் ஒரு தடவை நடக்கும், அதைத் தாங்கிப்பிடிக்கப் பக்கத்தில் ஆட்கள் வேண்டியிருக்கிறது.

இனி, எழுதிப் பார்க்கும் முறை. 1954இல் கூன், மெக்பார்ட்லண்ட் என்ற இரு சமூகவியலாளர்கள் அறிமுகப்படுத்திய ஒரு தேர்வு அடிப்படை. அதோடு கூடுதலாக ஒரு நெடுவரிசையைச் சேர்க்கச் சொல்கிறேன். ஒரு முழுத்தாள், இரண்டு நிறப் பேனா, ஒரு கடிகாரம் போதும். தாளின் மேலே ‘நான் யார்?’ என்று எழுதி, இடப்பக்கம் 1 முதல் 20 வரை எண் போட்டுக்கொள்ளுங்கள். 12 நிமிடத்தில் இருபது விடை. மனதில் வருகிற வரிசையிலேயே எழுத வேண்டும், முக்கியமா இல்லையா என்று எடைபோடக் கூடாது. உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்வதுபோல் எழுத வேண்டும். முதலில் வருபவை பெரும்பாலும் எவரும் சரிபார்க்கக்கூடிய விடைகளாக இருக்கும்: மாணவி, தகப்பன், இந்தத் தொழில் செய்கிறவன். அவை தீர்ந்த பிறகுதான் ‘பொறுமையில்லாதவன்’, ‘சலிப்பில் இருப்பவள்’ போன்றவை வரும். பத்தைத் தாண்டும்போது கை தயங்கும். அங்கே நிறுத்திவிட்டால் பயனில்லை. நமக்கு வேண்டியது பெரும்பாலும் 12ஆவதற்குப் பிறகுதான் வரும்.

இப்போது இரண்டாவது பேனா. ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு பெயர் எழுதுங்கள். இந்த வரியை உங்களைப் பற்றி முதலில் சொன்னது யார், அல்லது இது பொய்யாகிப்போனால் யார் முகத்தில் விழிக்கத் தயங்குவீர்கள்? ‘உறவுக்காரர்கள்’, ‘நண்பர்கள்’ என்று பொதுவாக எழுதக் கூடாது, ஓர் ஆளின் பெயராக இருக்க வேண்டும். பெயர் கிடைக்காத வரிக்குக் கேள்விக்குறி போடுங்கள். கேள்விக்குறி போட்ட வரிகளில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்துத் திரும்பப் பார்த்தால் பல சமயம் அங்கே ஒரு பழைய முகம் தெரியும்: எட்டாம் வகுப்பு ஆசிரியர், இறந்துபோன தாத்தா, பேச்சுவார்த்தை அற்றுப்போன ஒரு சிநேகிதி. ஆள் இல்லாமல் போன பிறகும் சாட்சி மட்டும் தங்கிவிட்டிருக்கும்.

இதில் வழக்கமாக எங்கே பிசகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாரிடமாவது காட்டப்போகிறோம் என்ற நினைப்போடு எழுதினால் தாளே ஒரு மேடையாகிவிடும். முடித்ததும் கிழித்துவிடுவேன் என்று முடிவு செய்துகொண்டு உட்காருவது நல்லது. சண்டை போட்ட அன்றைக்கு எழுதினால் சண்டை போட்டவர் பெயரே தாள் முழுக்க இருக்கும். ஒரு வாரம் விட்டு மறுபடி எழுதி, இரண்டு தாளிலும் இருக்கிற பெயர்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘அன்பானவள்’, ‘நேர்மையானவன்’ மாதிரியான வரிகளுக்குப் பெயர் தேடுவது கஷ்டம். அவற்றை ‘யாரிடம், எப்போது, என்ன செய்தேன்’ என்ற வாக்கியமாக மாற்றி எழுதினால் பெயர் தானாக வந்துவிடும். அதேபோல், தாளில் ஒருவர் பெயர் வந்துவிட்டது என்பதற்காக அவரைக் குற்றவாளியாக்க வேண்டியதில்லை. நம்மிடம் இருக்கிற பல நல்ல குணங்களும் யாரோ ஒருவர் நம்பிப் பார்த்ததால் வந்தவை.

பெயர்களை எண்ணிப் பாருங்கள். இருபது வரி இருந்தாலும் பெயர்கள் பெரும்பாலும் ஐந்தாறைத் தாண்டாது. ராபின் டன்பார் என்ற ஆய்வாளர் மனிதரின் உறவு வட்டம் சுமார் 150 பேர் என்று 1990களில் கணக்கிட்டார். பின்னால் வந்த ஆய்வுகளில் அதன் மிக நெருங்கிய உள்வட்டம் ஏறத்தாழ 5 என்று வந்தது. அந்த ஐந்தில் ஒரே பெயர் பன்னிரண்டு வரிக்கு எதிரே இருந்தால் கவனிக்க வேண்டும். பட்ரிசியா லின்வில் 1985இல் வெளியிட்ட ஆய்வில், தன்னைப் பற்றிய பிம்பங்கள் குறைவாகவும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதாகவும் உள்ளவர்களின் மனநிலை, வெற்றி தோல்விகளின்போது அதிகமாக ஏறி இறங்குவதைக் கண்டார். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். வேலையிடத்து நண்பரே மாலையில் விளையாட்டுத் துணை, அவரே குடும்ப நண்பர் என்றால், அலுவலகத்தில் ஒரு பிணக்கு வந்தாலும் மூன்று இடத்திலும் தரை ஆடும்.

அந்த வட்டத்தை மாற்ற விரும்புகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, முதலில் வெளியேறுவது. ஹெலன் ரோஸ் எபா என்ற சமூகவியலாளர் துறவு, மருத்துவம், மணவாழ்க்கை என்று தங்கள் முக்கியமான பாத்திரத்தை விட்டு வெளியேறிய 185 பேரிடம் பேசி 1988இல் எழுதினார். அவரே முன்னாள் கன்னியாஸ்திரி. அவர் கண்ட வரிசை இது: முதலில் சந்தேகம், பிறகு மாற்றுவழி தேடல், பிறகு திருப்புமுனை, கடைசியில் ‘முன்னாள்’ என்ற புதுப் பாத்திரத்தை உருவாக்கிக்கொள்வது. திருப்புமுனைக்கு முன்னாலேயே தேடல் வந்துவிடுவதைக் கவனியுங்கள். தேடாமல் கோபத்தில் கதவைச் சாத்திவிட்டு வந்தவர் கொஞ்ச நாளில் பழைய வட்டத்துக்கே திரும்புவார், அல்லது கிடைத்த முதல் வட்டத்தில் விழுவார். ‘முன்னாள்’ என்பதும் லேசில் விடாது. விட்டு வந்ததைத் திட்டிக்கொண்டே இருப்பதும் அந்த வட்டத்தின் முன் நின்று பேசுவதுதான்.

ஆகவே முதலில் ஒரு புது முகத்தைச் சேருங்கள். பெரிய கூட்டங்களுக்குப் போவதால் இது நடக்காது. அதே நாலைந்து பேரை, வாரம் ஒரு தடவையாவது, சேர்ந்து ஏதாவது வேலை செய்கிற இடத்தில் பார்க்க வேண்டும். சில மாதமாவது பிடிக்கும். சேரும் முன் இரண்டு விஷயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கிருப்பவர்களுக்கு வெளியே நண்பர்கள் உண்டா? அங்கிருந்து விலகிப் போனவரைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள்? விலகியவரின் பெயரைச் சொன்னதும் முகம் இறுகினால், உங்கள் முதல் சந்தேகத்துக்கும் அதே முகம்தான் கிடைக்கும். சேர்வதற்கே அவமானம், அலைக்கழிப்பு என்று அதிக விலை கேட்கிற இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். கடினமான நுழைவுச் சடங்கைத் தாண்டியவர்கள் சுவாரசியமே இல்லாத குழுவைக்கூட அதிகமாக விரும்புகிறார்கள் என்று ஆரன்சனும் மில்ஸும் 1959இலேயே காட்டிவிட்டார்கள். பட்ட கஷ்டத்துக்கு மனம் தேடிக்கொள்ளும் நியாயம் அது.

‘நாம்’ என்ற உணர்வு எவ்வளவு சீக்கிரம் பற்றிக்கொள்ளும் என்பதற்கு ஹென்ரி தாஜ்ஃபெலின் சோதனையை மட்டும் சொல்கிறேன். இங்கிலாந்தில், 14, 15 வயதுப் பள்ளி மாணவர்கள். திரையில் காட்டிய ஓவியங்களில் ஓர் ஓவியரின் படங்களை விரும்பியவர், இன்னொருவரின் படங்களை விரும்பியவர் என்று பிரிப்பதாகச் சொல்லி, உண்மையில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாகப் பிரித்தார்கள். யார் எந்தப் பக்கம் என்று ஒருவருக்கொருவர் தெரியாது. பிறகு பரிசுப் புள்ளிகளைப் பங்கிடச் சொன்னார்கள். ஒரு பட்டியலின் ஒரு முனையில் தன் பக்கத்தவருக்கு 19, எதிர்ப்பக்கத்தவருக்கு 25. மறுமுனையில் தன் பக்கத்துக்கு 7, எதிர்ப்பக்கத்துக்கு 1. 19ஐ எடுத்திருந்தால் தன் பக்கத்துக்குத்தான் லாபம். பலர் அதை விட்டுவிட்டு, குறைவாகக் கிடைத்தாலும் எதிர்ப்பக்கத்தைவிட மேலே நிற்கும் இடத்தை நோக்கி நகர்ந்தார்கள். பெயரளவில் ஒரு பிரிவு, அதுவும் சில நிமிடம் முன்பு போட்டது. புது வட்டத்தில் சேர்ந்த முதல் வாரமே ‘அவங்க எல்லாம்’ என்று பேச ஆரம்பித்திருந்தால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

கடைசியாக ஒன்று. உங்கள் தாளில் சில பெயர்கள் இருப்பதுபோல, வேறு யாரோ ஒருவரின் தாளில் உங்கள் பெயரும் இருக்கும். தங்கையின் தாளில், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரின் தாளில், பிள்ளையின் தாளில். ஆஷின் அறையில் சரியான விடை சொல்லும் ஓர் ஆளைக் கூட்டத்துக்குள் உட்கார வைத்தபோது, தவறான விடைகள் கால் பங்காகக் குறைந்துவிட்டன. அந்த ஆள் கூட்டத்தைவிட மோசமான தவறைத் துணிந்து சொன்னபோதுகூட மற்றவரின் பிழை 9 சதவீதத்துக்கு இறங்கியது. ஒருமித்த குரல் உடைந்ததே போதுமானதாக இருந்தது. இன்னொரு மாறுதலும் செய்து பார்த்தார்கள். ஆறு சுற்று துணை நின்றவர் வேலை இருக்கிறதென்று எழுந்து போய்விட்டார். பிழைகள் ஓரளவுதான் கூடின, அவர் தந்த தைரியம் அவர் போன பிறகும் மிச்சம் இருந்தது. இன்னொரு அறையில் துணை நின்றவர் எழுந்து போகவில்லை, ஆறு சுற்றுக்குப் பிறகு கூட்டத்தோடு சேர்ந்து தலையாட்ட ஆரம்பித்தார். அங்கே அதுவரை நிமிர்ந்து பதில் சொன்னவரின் பிழைகள் சட்டென்று ஏறிவிட்டன. அடுத்த தடவை உங்கள் தங்கை எல்லோருக்கும் எதிராக ஒரு வார்த்தை சொல்லி, நீங்களும் ‘ஆமா’ என்றால், அதற்குப் பிறகு அங்கே உட்கார்ந்திருக்க முடியாமல் எழுந்து போக நேர்ந்தாலும் பரவாயில்லை. உட்கார்ந்துகொண்டே பக்கம் மாறிவிடாதீர்கள்.